‘நம்புவதற்குக் காரணம்’: முடிந்த வரி மதிப்பீட்டை மீளத் திறப்பதற்குச் சொல் வகுத்த எல்லை



மொழி மன்ற மேடையில் வருமான வரிச் சட்டம் பற்றி ஒரு பொழிவா என்று நீங்கள் வியக்கக்கூடும். நான் வழக்கறிஞன் அல்லன். வரிக் கணக்கு குறித்த அறிவுரை எதையும் இங்கு நான் வழங்கப்போவதில்லை. மொழியியல் பயின்றவன் என்ற முறையில், ஒரு சட்டத்தொடரை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள ஒரு வினைச்சொல் மாறியபோதெல்லாம் குடிமக்களின் உரிமையும் அரசின் அதிகாரமும் எவ்வாறு மாறின என்பதைக் காட்ட விழைகின்றேன். அத்தொடர் இந்திய வருமான வரிச் சட்டத்தில் உள்ளது. ஒரு நிறுவனத்தின் வரி மதிப்பீடு முடிந்த பின்னர், அரசு அதனை மீண்டும் திறக்கலாமா, எப்போது திறக்கலாம், எக்காரணத்தால் திறக்கலாம் என்பதே அத்தொடர் விடை கூறும் வினா.

1. முடிந்த மதிப்பீடு

முதலில் நடைமுறையைச் சுருக்கமாக நோக்குவோம். ஒரு நிறுமம் ஆண்டுதோறும் தன் வருமானத்தையும் செலவையும் கணக்கிட்டு வரி அறிக்கை அளிக்கிறது. பெரும்பாலான அறிக்கைகள் எண்கணிதப் பிழை முதலியன சரிபார்க்கப்பட்டு ஏற்கப்படுகின்றன. அவ்வாறு ஏற்றதைத் தெரிவிக்கும் தாள் ஒரு செய்தியறிவிப்பு மட்டுமே. அது மதிப்பீடு ஆகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டு ராஜேஷ் ஜவேரி பங்குத் தரகு நிறுவனத்தின் வழக்கில் தெளிவுபடுத்தியது. சில அறிக்கைகள் மட்டும் விரிவான ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும். அலுவலர் வினாக்கள் விடுப்பார், நிறுமம் ஏடுகளையும் ஒப்பந்தங்களையும் முன்வைக்கும், வாதம் நிகழும், இறுதியில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 143ஆம் பிரிவு மூன்றாம் உட்பிரிவின்கீழ் ஆணை பிறக்கும். இதுவே நாம் இன்று ‘முடிந்த மதிப்பீடு’ என்று குறிப்பது.

முடிந்தது முடிந்ததுதானா? இங்கு இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கின்றன. வருமானத்தை மறைத்தவர் ஆணை பிறந்துவிட்டது என்னும் ஒரே காரணத்தால் தப்பிவிடக் கூடாது. அவர் செலுத்தாத வரியை நேர்மையாளர் சுமக்க நேரிடும். இது ஒரு நியாயம். கேட்டவற்றுக்கெல்லாம் விடை கூறி, விதித்த வரியைச் செலுத்திய ஒரு நிறுமம் எஞ்சிய பணத்தைப் பங்குதாரர்க்குப் பகிர்ந்தளித்து, தொழிலாளர்க்கு ஊதியம் கொடுத்து, புதிய எந்திரம் வாங்கிவிட்ட பின்னர், ஐந்தாம் ஆண்டில் புதிய அலுவலர் ஒருவர் வந்து பழைய கோப்பைப் புரட்டி வேறு முடிவுக்கு வருவாராயின், அந்நிறுமம் எதனையும் உறுதியாகத் திட்டமிட இயலாது. இது மற்றொரு நியாயம். இவ்விரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு வரைய வேண்டிய பொறுப்பு ஒரு சிறு தொடரின்மீது விழுந்தது.

2. வினைச்சொற்களின் வரலாறு

1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ‘எக்காரணத்தினாலாயினும்’ வருமானம் மதிப்பீட்டிலிருந்து விடுபட்டிருப்பின் மீண்டும் மதிப்பிடலாம் என்றது. சொல் மிகவும் தளர்ச்சியானது. ஆனால் அதற்கு அளிக்கப்பட்ட காலம் ஓராண்டு மட்டுமே. 1939இல் திருத்தம் வந்தது. உறுதியான தகவல் ஒன்று தம்மிடம் வந்து, அதன் விளைவாக வருமானம் விடுபட்டதை அலுவலர் ‘கண்டறிவாராயின்’ மீளத் திறக்கலாம் என்று பிரிவு மாற்றி எழுதப்பட்டது. சொல் இறுகியது, காலமோ நான்காண்டாகவும், மறைப்பு நிகழ்ந்த இடத்து எட்டாண்டாகவும் நீண்டது. 1948இல் மீண்டும் ஒரு திருத்தம். ‘உறுதியான தகவல்’, ‘கண்டறிவாராயின்’ என்பன நீங்கின. ‘நம்புவதற்குக் காரணம் இருப்பின்’ என்னும் தொடர் அவ்விடத்தில் அமர்ந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொடரையே தன் 147ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது.

இவ்வரலாற்றில் சொல்லும் காலமும் ஒரே கதவின் இரு தாழ்ப்பாள்களாக இயங்குவதைக் காண்கிறோம். ஒன்று தளர்ந்திருக்கும் காலத்தில் மற்றொன்று இறுகியிருந்தால் கதவு காக்கப்படும். இரண்டும் ஒருசேரத் தளருமாயின், முடிந்த மதிப்பீடு என ஒன்று இல்லாமற் போகும். இக்கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொழிவின் இறுதிப் பகுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

மொழியியல் நோக்கில் இவ்வினைகளை வரிசைப்படுத்தலாம். ‘கண்டறிதல்’ என்பது மெய்ம்மையை முன்கொள்ளும் வினை. ‘வருமானம் விடுபட்டதை அலுவலர் கண்டறிந்தார், ஆனால் எதுவும் விடுபடவில்லை’ என்று கூறினால் வாக்கியம் தன்னைத்தானே முறித்துக்கொள்கிறது. ‘நம்புதல்’ அவ்வாறு அன்று. ‘வருமானம் விடுபட்டதாக அலுவலர் நம்பினார், ஆனால் எதுவும் விடுபடவில்லை’ என்பதில் முரண் இல்லை. தமிழ் இவ்வேறுபாட்டை வடிவத்திலும் காட்டுகிறது. கண்டறி, அறி, உணர் முதலிய வினைகள் ‘விடுபட்டதை’ என்று இரண்டாம் வேற்றுமை ஏற்ற தொழிற்பெயரை இயல்பாகக் கொள்கின்றன. நம்பு, கருது, எண்ணு முதலியன ‘விடுபட்டதாக’ அல்லது ‘விடுபட்டது என்று’ என்னும் அமைப்பையே நாடுகின்றன. ஐகாரம் நின்ற இடத்தில் நிகழ்ச்சி உறுதிப்பட்டுவிடுகிறது. ஆக்கச் சொல் நின்ற இடத்தில் அது சொல்வோரின் மனத்தளவில் நிற்கிறது. கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பறையில் இதனை மாணவரைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

எனவே 1948இன் மாற்றம் இலக்கண நோக்கில் ஒரு தளர்ச்சியே. எனினும் சட்டம் ‘நம்புவாராயின்’ என்று கூறி நின்றுவிடவில்லை. ‘நம்புவதற்குக் காரணம் இருப்பின்’ என்றது. நம்பிக்கை அலுவலரின் உள்ளத்தில் உள்ளது. காரணமோ அவருக்குப் புறத்தே, கோப்பில் இருக்கவேண்டியது. அகத்தில் உள்ளதை நீதிமன்றம் ஆராய இயலாது. புறத்தில் உள்ளதை ஆராயலாம். ‘காரணம்’ என்னும் ஒரு பெயர்ச்சொல்லே நீதிமன்றம் நுழைவதற்கான வாயிலைத் திறந்து வைத்தது.

3. கல்கத்தா டிஸ்கவுண்ட் வழக்கு

அவ்வாயில் வழியே முதலில் நுழைந்தவற்றுள் தலையாயது கல்கத்தா டிஸ்கவுண்ட் நிறுவனத்தின் வழக்கு. 1942–43 முதல் 1944–45 வரையிலான மூன்று மதிப்பீட்டு ஆண்டுகள் அதில் அடங்கும். அந்நிறுவனம் அக்காலத்தில் பங்குகளை விற்று ஆதாயம் ஈட்டியிருந்தது. அவ்விற்பனை முதலீட்டை மாற்றியமைத்ததே அன்றி வணிகம் அன்று என்று கொண்டு மதிப்பீடு முடிந்தது. பின்னர், 1951இல், அவை வணிக முறையிலான விற்பனைகளே என்றும், அவ்வுண்மையை நிறுவனம் வெளியிடத் தவறியது என்றும் கூறி அறிவிப்புகள் அனுப்பப்பட்டன.

சட்டம் வரி செலுத்துவோரிடம் வேண்டியது, பொருள் நிறைந்த உண்மைகள் அனைத்தையும் ‘முழுமையாகவும் உண்மையாகவும்’ வெளியிடுதல். பங்குகள் விற்கப்பட்டன என்பது உண்மைச் செய்தி. அது வணிக நோக்கில் நிகழ்ந்தது என்பது உண்மைச் செய்தியா, அல்லது செய்திகளிலிருந்து பெறப்படும் அனுமானமா? வழக்கின் உயிர்நாடி இதுவே. 1960 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, மூவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையில் விடை கூறியது. அடிப்படைச் செய்திகளை வெளியிடுவது வரி செலுத்துவோரின் கடமை. அவற்றிலிருந்து என்ன முடிவு பெறப்படும் என்று எடுத்துரைப்பது அவர் கடமை அன்று. அது அலுவலரின் பணி. அலுவலர் அன்று பெற்ற முடிவு தவறு என்று பின்னர் தோன்றினால், அத்தவற்றை நிறுவனத்தின் மறைப்பாகக் கொள்ள இயலாது.

காட்சிக்கும் கருதலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் அளவைநூல் மரபு நன்கு அறியும். புகை காட்சி, நெருப்பு கருதல். புகையைக் காட்டியவன் நெருப்பையும் சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னர் அவனைக் குறை கூறலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம் எனலாம்.

ஆயினும் இப்பாதுகாப்பை வரம்பின்றி விரித்துக்கொள்ளலாகாது. ‘முழுமையாகவும் உண்மையாகவும்’ என்பதில் உள்ள இரண்டு உம்மைகளையும் நோக்குக. முழுமையின்மை வேறு, பொய்ம்மை வேறு. கூறியன அனைத்தும் மெய்யாயிருந்தும் ஒன்றைக் கூறாது விட்டால் முதல் உம்மை தவறுகிறது. அனைத்தையும் கூறி அவற்றுள் ஒன்று பொய்யானால் இரண்டாம் உம்மை தவறுகிறது. மேலும், கணக்கேடுகளை அலுவலர் முன் குவித்து வைத்ததனாலேயே அவற்றுள் புதைந்துள்ள செய்தி வெளியிடப்பட்டதாகிவிடாது என்று 147ஆம் பிரிவின் விளக்கமே கூறியது. ஏட்டை முன்வைத்தல் வேறு, செய்தியை வெளியிடுதல் வேறு.

4. நம்பிக்கையும் ஐயமும்

அடுத்து, ‘காரணம்’ எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் வினா எழுந்தது. நாராயணப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்நம்பிக்கை நேர்மையாகக் கொள்ளப்பட்டதாக இருக்கவேண்டும், வெறும் பாவனையாக இருத்தல் கூடாது என்றது. காரணம் போதுமானதா என்பதை நீதிமன்றம் எடைபோடாது. ஆனால் காரணத்துக்கும் நம்பிக்கைக்கும் அறிவுக்கு ஒத்த தொடர்பு உண்டா என்று பார்க்கும்.

1976இல் வந்த லக்மணி மேவல் தாஸ் வழக்கு இதனை மேலும் கூர்மையாக்கியது. வரி செலுத்துவோர்க்குக் கடன் கொடுத்ததாகக் காட்டப்பட்ட ஒருவர், தாம் பெயரளவில் கடன் கொடுப்பதாக ஒப்புக்கொண்டுள்ளார் என்பது அலுவலரிடம் இருந்த செய்தி. அவ்வொப்புதல் இந்தக் கடனைப் பற்றியதா, எக்காலத்துக்குரியது என்பன அச்செய்தியில் இல்லை. காரணத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையே உயிருள்ள தொடர்பு வேண்டும் என்றும், சட்டத்தில் உள்ளது நம்புவதற்குக் காரணம், ஐயுறுவதற்குக் காரணம் அன்று என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் வரி செலுத்துவோர் தனிமனிதர். அதன் விதியோ நிறுமங்களுக்கும் பொதுவாயிற்று.

ஐயத்துக்கும் துணிவுக்கும் உள்ள எல்லை தமிழ் இலக்கணத்துக்குப் புதிது அன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஐயுற்ற பொருளை எவ்வாறு கூறவேண்டும் என்று விதித்தார்; ஐயம் நீங்கித் துணிந்தபின் எவ்வாறு கூறவேண்டும் என்றும் விதித்தார். ‘கொல்’ என்னும் இடைச்சொல்லை ஐயப்பொருளுக்கே உரியதாக்கினார். தொலைவில் தோன்றும் உருவம் கட்டையா மனிதனா என்று துணியாத நிலையை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினர். அருகில் சென்று நோக்கிக் கை கால் அசைவு கண்டபின்னரே ‘மனிதன்’ என்கிறோம். அந்த அசைவுதான் நீதிமன்றம் வேண்டிய காரணம். உருவம் தெரிகிறது என்பது மட்டும் போதாது.

5. நீங்கிய தொடர் மீண்டது

ஒரு தொடரின் மதிப்பு அது நீக்கப்படும்போது புலப்படும். நேரடி வரிச் சட்டங்களைத் திருத்திய 1987ஆம் ஆண்டுச் சட்டம், 147ஆம் பிரிவிலிருந்து ‘நம்புவதற்குக் காரணம்’ என்பதை நீக்கி, எழுத்தில் பதியும் காரணங்களால் அலுவலர் அவ்வாறு ‘கருதுவாராயின்’ என்னும் பொருள்படும் தொடரை இட்டது. எழுதப்போவது காரணந்தானே, என்ன வேறுபாடு என்று மேலோட்டமாகத் தோன்றலாம். ஆனால் கருத்து என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே கோப்பைப் பார்த்து ஓர் அலுவலர் ஒரு கருத்தும், அடுத்து வந்தவர் வேறு கருத்தும் கொள்ளலாம். கருத்தே போதுமெனின், அலுவலர் மாறுந்தோறும் மதிப்பீடு மாறும். இத்தொடரை நீக்கலாகாது என்று நாடெங்கும் முறையீடுகள் எழுந்தன. 1989இல் மற்றொரு திருத்தச் சட்டத்தால் ‘நம்புவதற்குக் காரணம்’ மீண்டும் பிரிவுக்குள் வந்தது. அத்தொடரின் பொருள் நீதிமன்றத் தீர்ப்புகளால் நிலைபெற்றுவிட்டது என்னும் முறையீட்டை ஏற்றே அது மீட்கப்பட்டதாக நேர்முக வரிகள் வாரியம் அவ்வாண்டின் 549ஆம் சுற்றறிக்கையில் விளக்கியது.

இவ்வரலாற்றைச் சான்றாகக் கொண்டே 2010 ஜனவரியில் கெல்வினேட்டர் நிறுவனத்தின் வழக்கை உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மறுமதிப்பீடு செய்யும் அதிகாரம் வேறு, தன் முடிவைத் தானே மறுஆய்வு செய்யும் அதிகாரம் வேறு. முன்னதைச் சட்டம் அலுவலர்க்கு அளித்துள்ளது, பின்னதை அளிக்கவில்லை. வெறும் கருத்து மாற்றத்தால் மதிப்பீட்டை மீளத் திறக்க இயலாது. வருமானம் விடுபட்டது என்னும் முடிவுக்கு இட்டுச்செல்லும் புலப்படத்தக்க ஆதாரம் ஒன்று வேண்டும். இதுவே அத்தீர்ப்பு. ‘மறு’ என்னும் ஒரே முன்னொட்டு ஏற்ற இரண்டு சொற்களுக்கு இடையே இத்துணை தொலைவு உள்ளதை மாணவர்கள் கருதிப்பார்க்க வேண்டும்.

6. எழுதியதே சான்று

காரணங்களை எழுத்தில் பதிந்த பின்னரே அறிவிப்பு அனுப்பவேண்டும் என்பது 2021 வரை இருந்த சட்டம். அவற்றை அறியும் உரிமை யாருக்கு? ஜி.கே.என். டிரைவ்ஷாஃப்ட்ஸ் நிறுவனத்தின் வழக்கில், 2002 நவம்பரில், உச்ச நீதிமன்றம் ஒழுங்குமுறை ஒன்றை வகுத்தது. அறிவிப்பு பெற்றவர் அறிக்கை அளித்து, விரும்பினால் காரணங்களைக் கேட்கலாம். அலுவலர் தக்க காலத்துக்குள் அவற்றைத் தரவேண்டும். பெற்றவர் மறுப்புரை அளிக்கலாம். அலுவலர் அம்மறுப்புக்குக் காரணம் விளங்கும் ஆணையால் விடை கூறிய பின்னரே மேற்செல்ல வேண்டும்.

எழுதிய காரணம் குறையுடையதாயின், பின்னர் நீதிமன்றத்தில் அதனை நிரப்பலாமா? 2004இல் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் இயலாது என்றது. அங்கே 1996–97 மதிப்பீட்டு ஆண்டு நான்காண்டுக் காலம் கடந்தபின் திறக்கப்பட்டது. எந்த உண்மையை நிறுவனம் வெளியிடத் தவறியது என்பது பதிந்த காரணத்தில் இல்லை. பதிந்த காரணங்களைப் பதிந்தவாறே படிக்கவேண்டும். சேர்த்தலும் நீக்கலும் மாற்றலும் ஆகா. அலுவலரின் மனம் அவர் எழுத்தின் வழியே வெளிப்படவேண்டும் என்பது தீர்ப்பு. மூலபாடத்தில் இல்லாததை உரையில் ஏற்றிக் கூறலாகாது என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கும் நெறியும் இதுவே.

7. இரு தாழ்ப்பாள்களும் ஒரு வழக்கில்

நான் கூறிய கூறுகள் அனைத்தும் ஒருங்கே அமைந்த வழக்கு நியூ டெல்லி டெலிவிஷன் நிறுவனத்தினுடையது. பிரித்தானியாவில் அமைந்த அதன் துணை நிறுவனம் 2007 ஜூலையில் 10 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள கடன்பத்திரங்களை வெளியிட்டது. அதற்குரிய 2008–09 மதிப்பீட்டு ஆண்டின் ஆணை 2012இல் பிறந்தது. 2015 மார்ச் 31 அன்று, ஆறாண்டுக் காலம் முடியும் இறுதி நாளில், மீளத் திறக்கும் அறிவிப்பு அனுப்பப்பட்டது. அப்போதைய சட்டப்படி, ஆய்வு செய்து முடித்த மதிப்பீட்டை நான்காண்டுகளுக்குப் பின் திறக்கவேண்டுமானால், நம்புவதற்குக் காரணம் இருந்தால் மட்டும் போதாது. வரி செலுத்துவோர் முழுமையாகவும் உண்மையாகவும் வெளியிடத் தவறியிருக்கவும் வேண்டும்.

2020 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் இரு வினாக்களையும் தனித்தனியே ஆராய்ந்தது. பிற்காலத்தில் கிடைத்த செய்திகளால் நம்புவதற்குக் காரணம் இருந்தது என்று முதல் வினாவில் அரசின் பக்கம் நின்றது. கடன்பத்திரங்கள் பற்றிய அடிப்படைச் செய்திகளை நிறுவனம் முன்னரே வெளியிட்டிருந்தது என்று இரண்டாம் வினாவில் நிறுவனத்தின் பக்கம் நின்றது. வெளிநாட்டுச் சொத்து தொடர்பான பதினாறாண்டுக் காலம் தமக்கு உண்டு என்று அரசு பின்னர் வாதிட்டது. அது அறிவிப்பில் குறிக்கப்படாமையால் அவ்வறிவிப்பைக் காக்க அதனைப் பயன்படுத்த இயலாது என்று நீதிமன்றம் மறுத்தது. அறிவிப்பு வீழ்ந்தது. எனினும், சட்டம் இடந்தருமாயின் அவ்விதியின்கீழ்ப் புதிய அறிவிப்பு அனுப்புவதை அரசுக்கு நீதிமன்றம் தடுக்கவில்லை. நிறுவனம் குற்றமற்றது என்று கூறுவது அத்தீர்ப்பின் நோக்கம் அன்று. அரசு எந்த வாயிலைக் குறிப்பிட்டதோ அந்த வாயில் வழியேதான் நுழையவேண்டும் என்பதே அதன் பொருள்.

8. 2021: வினை தளர்ந்தது

2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஏப்ரல் 1 முதல் இப்பிரிவுகளை முழுமையாக மாற்றியது. எழுபதாண்டுகளுக்கு மேலாக, இடையில் ஏற்பட்ட அச்சிறு முயற்சி நீங்கலாக, நிலவிய ‘நம்புவதற்குக் காரணம்’ மறைந்தது. வருமானம் விடுபட்டிருப்பதாக ‘உணர்த்தும் தகவல்’ இருப்பின் அறிவிப்பு அனுப்பலாம் என்பது புதிய நிலை. நம்புவதற்கு ஒரு மனம் வேண்டும். உணர்த்துதல் என்னும் வினைக்கோ தகவலே எழுவாய். அங்கே மனிதர் இல்லை. துறையின் இடர் ஆய்வு முறை வழியாகவும் தணிக்கைக் குறிப்புகள் வழியாகவும் தகவல் வரும் காலத்துக்கு ஏற்ற இலக்கணம் அது. முழுமையாகவும் உண்மையாகவும் வெளியிட்டவர்க்கு இருந்த நான்காண்டுப் பாதுகாப்பும் அத்துடன் நீங்கியது.

வினை தளர்ந்தபோது சட்டம் வேறு தாழ்ப்பாள்களை இட்டது என்பதையும் நடுநிலையோடு கூறவேண்டும். 148அ என்னும் புதிய பிரிவின்படி, திறப்பதற்கு முன்னரே தகவலைக் காட்டி விளக்கம் கேட்டு, அதனைக் கருதி ஆணை பிறப்பிக்க வேண்டும். உயர் அலுவலரின் ஒப்புதல் வேண்டும். பொதுவான காலம் மூன்றாண்டு. விடுபட்ட வருமானம் 50 லட்ச ரூபாயும் அதற்கு மேலும் ஆகி, சொத்து வடிவில் நிற்குமாயின் பத்தாண்டு. 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் அப்பத்தாண்டும் குறைந்தது. அத்திருத்தத்தின்படி மீளத் திறக்கும் அறிவிப்புக்குப் பொதுவான எல்லை மூன்றாண்டும் மூன்று மாதமும். 50 லட்சமும் அதற்கு மேலுமாயின் ஐந்தாண்டும் மூன்று மாதமும். இரண்டும் மதிப்பீட்டு ஆண்டின் முடிவிலிருந்து கணக்கிடப்படும்.

தொடக்கத்தில் கூறிய இரு தாழ்ப்பாள்களை நினைவுகூர்க. 1922இல் சொல் தளர்ந்திருந்தது. காலம் ஓராண்டாக இறுகியிருந்தது. நூற்றாண்டு கடந்து சொல் மீண்டும் தளர்ந்துள்ளது. காலம் மீண்டும் சுருங்கி வருகிறது.

புதிய சொல்லும் பழைய சொல்லும் மாறிய அந்நாளில் ஏற்பட்ட குழப்பமும் சிறிதன்று. 2021 ஏப்ரல் 1க்குப் பின்னரும் பழைய பிரிவின்கீழ் ஏறத்தாழ 90,000 அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. பல உயர் நீதிமன்றங்கள் அவற்றை நீக்கின. 2022 மே மாதத்தில் ஆஷிஷ் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவற்றைப் புதிய பிரிவின்கீழ் விளக்கம் கேட்கும் அறிவிப்புகளாகக் கொள்ளலாம் என்று வழிவகுத்தது.

பழைய தொடர் மறைந்ததனால் அது ஈன்ற நெறிகளும் மறைந்தனவா? 2023இல் சீமென்ஸ் ஃபைனான்சியல் சர்வீசஸ் நிறுவனத்தின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், கருத்து மாற்றம் மட்டும் காரணமாகாது என்னும் நெறி புதிய அமைப்பிலும் தொடர்கிறது என்று கொண்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியதாக 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்னும் இரட்டை வழக்கை நீக்கி ‘வரி ஆண்டு’ என்னும் ஒரே சொல்லை ஆள்கிறது. எளிமை வரவேற்கத்தக்கது. எளிமையாக்கும்போது எந்தச் சொல்லில் எந்த உரிமை குடியிருக்கிறது என்று பார்த்துச் செய்யவேண்டும் என்பதற்கு 1987–89 வரலாறு பாடமாக உள்ளது.

9. நம் மண்ணில்

இந்தியச் சட்டத்தைப் பேசிய நாம் நம் நாட்டுச் சட்டங்களையும் ஒருமுறை ஒப்பிட்டுக் காண்பது பொருத்தம். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, மதிப்பீடு போதாது என்று தலைமை இயக்குநருக்குத் ‘தோன்றினால்’ கூடுதல் மதிப்பீடு செய்யலாம் என்கிறது. காலம் பொதுவாக ஐந்தாண்டு. சிங்கப்பூர் வருமான வரிச் சட்டத்தின் 74ஆம் பிரிவிலும் ‘தோன்றுதல்’ என்னும் வினையே உள்ளது. 2008ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் காலம் நான்காண்டு. மோசடி, வேண்டுமென்றே செய்த தவறு ஆகியன இருப்பின் இரு நாடுகளிலும் காலவரம்பு இல்லை. மலேசியாவில் கவனக்குறைவும் அவற்றோடு சேரும். ‘தோன்றுதல்’ நம் வரிசையில் மென்மையான வினை. அதனால் இங்கே காப்பின் பெரும்பகுதியை ஆண்டுக் கணக்கே சுமக்கிறது.

10. மொழிபெயர்ப்போர்க்கு ஒரு சொல்

இறுதியாக, சட்டத் தமிழில் ஈடுபடுவோர்க்கு இரண்டு குறிப்புகள். ஆங்கிலச் சட்டத்தில் உள்ள ‘எஸ்கேப்’ என்னும் வினையைச் சிலர் ‘தப்பிய வருமானம்’ என்று பெயர்ப்பர். தமிழில் ‘தப்பிய’ என்பது கள்வனையும் சிறையையும் நினைவூட்டும். வரி செலுத்துவோர்மீது பழி ஏற்றும். சட்டமோ அலுவலரின் கவனக்குறைவால் கணக்கில் சேராது போனதையும் அச்சொல்லால் குறிக்கிறது. ஆதலின் ‘விடுபட்ட வருமானம்’ என்பதே நடுநிலையானது. அதனாலேயே இப்பொழிவு முழுவதும் அதனை ஆண்டேன். அவ்வாறே, ‘நம்பிக்கை’ என்னும் தமிழ்ச்சொல் எதிர்பார்ப்பையும் குறிக்கும், பற்றுறுதியையும் குறிக்கும். ‘அலுவலருக்கு நம்பிக்கை இருந்தால்’ என்று பெயர்த்துவிட்டால் ‘காரணம்’ காணாமற் போகும். காரணம் போனால் நீதிமன்றத்தின் வாயிலும் மூடிவிடும். ‘நம்புவதற்குக் காரணம் இருப்பின்’ என்று சொல்லுக்குச் சொல் நின்று பெயர்ப்பதே முறை.

மாணவச் செல்வங்களே! தோன்றியது, உணர்த்தியது, ஐயுற்றார், கருதினார், நம்பினார், கண்டறிந்தார் என்னும் ஆறு வினைகளையும் ஒரே பொருளனவாக எண்ணித் தேர்வுத்தாளில் ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதுகின்றோம். அவற்றுள் ஒன்றுக்காக ஒரு நிறுவனம் கல்கத்தாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒன்றை நீக்கிய நாடாளுமன்றம் இரண்டு ஆண்டுகளில் அதனைத் திரும்ப வைத்தது. நாளை நீங்கள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவோ, கணக்காளராகவோ, வரி அலுவலராகவோ, சிறுதொழில் நடத்துபவராகவோ அமரும்போது, ஓர் அறிவிப்பு உங்கள் கைக்கு வரும். அல்லது உங்கள் கையிலிருந்து செல்லும். அப்போது அதில் உள்ள தொகையைப் பார்ப்பதற்கு முன் வினைச்சொல்லைப் பாருங்கள். அதன் எழுவாய் யார், அதற்குக் காரணம் எங்கே, அதன் காலம் எவ்வளவு என்று கேளுங்கள். அம்மூன்று வினாக்களையும் கேட்கக் கற்பிப்பது இலக்கண ஆசிரியரின் பணிகளுள் ஒன்று என்பது என் துணிபு.